ரங்கூன் வழி வந்த தூண்

தேக்கை வெட்டுவதற்கு முன் கொல்ல வேண்டும். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்குள்ளிருக்கும் வெளுத்த மரத்தையும் வைரம் தெரியும்வரை கோடரியால் கொத்தி, ஒரு வளையமாக எடுத்துவிடுவார்கள். வேரிலிருந்து ஏறும் நீர் அதோடு நின்றுபோகும். இலை உதிரும், கிளை காயும். நின்ற நிலையிலேயே மரம் இரண்டு மூன்று வருஷம் உலரும். பச்சைத் தேக்கு தண்ணீரில் முங்கிவிடும். உலர்ந்த தேக்கு மிதக்கும். பர்மாவின் தேக்கு வியாபாரம் மொத்தமும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடந்தது. பாதையே இல்லாத காட்டிலிருந்து முப்பதடி மரத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவர ஆற்றை விட்டால் வேறு வண்டி இல்லை.

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் என் அக்கா மகன் வீடு கட்டுகிறான். முன்வாசலுக்கென்று காரைக்குடி பழம்பொருள் கடையிலிருந்து இரண்டு தேக்குத் தூண்களை வாங்கி வந்திருக்கிறான். ஒவ்வொன்றும் பதினோரு அடி. ஒட்டுப்போடாத ஒற்றை மரம். கடைக்காரர் பர்மா என்றார். கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஆசாரியும் ஓர் ஓரத்தில் இழைப்புளியை ஓட்டிவிட்டு, சுருளை மூக்கருகே பிடித்துப் பார்த்து, பர்மாதான் என்றார். எந்தக் காட்டு மரம், எந்தக் கப்பலில் வந்தது என்று தூணில் எழுதியிருக்காது. செட்டிநாட்டுக்குத் தேக்கு வந்த பாதை மட்டும் நன்றாகத் தெரிந்த பாதை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் தூணோடு சேர்த்து ஒரு நகரத்தையும் பார்த்துவிடலாம்.

பாதை தொடங்குவது பகோ (அன்று பெகு) யோமா மலைகளில். ஐராவதிக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தாழ்ந்த மலைத்தொடர் அது. பர்மிய அரசர்கள் தேக்கை ராஜமரமாக வைத்திருந்தார்கள். அரசனுக்குத் தெரியாமல் வெட்டக் கூடாது. 1852இல் நடந்த இரண்டாம் பர்மியப் போரில் அந்தக் காடு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1824இல் நடந்த முதல் போரிலும் சரி, இரண்டாவதிலும் சரி, ரங்கூனில் போய் இறங்கிய படைகளில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் நிறையப் பேர். பூந்தமல்லியிலேயே அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாம் இருந்தது. இந்தப் பக்கத்துக்கும் ரங்கூனுக்கும் இடையிலான போக்குவரத்து முதலில் துப்பாக்கியோடுதான் தொடங்கியது.

காட்டைக் கணக்கெடுத்து, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று சட்டம் போட்டவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1856இல் பெகு காடுகளின் கண்காணிப்பாளராக வந்தார்; 1864இல் இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைவரானார். நல்ல காட்டில் நெஞ்சுயரத்தில் ஏழரை அடி சுற்றளவு வந்த மரத்துக்கு மட்டுமே வளையம் வெட்டலாம் என்பது பின்னாளில் நிலைத்துப்போன விதி. அந்தப் பருமனுக்கு வர ஒரு தேக்குக்கு நூறு வருஷமாவது வேண்டும். நம் தூண் வெட்டுப்பட்டது சுமார் நூறு வருஷத்துக்கு முன் என்று வைத்துக்கொண்டால், அதன் விதை முளைத்தபோது பர்மாவில் இன்னும் அரசர் ஆட்சி.

அந்த ஆட்சி முடிந்ததும் தேக்கால்தான். 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அரசரிடம் குத்தகை எடுத்து நிங்யான் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று 1885இல் மாண்டலே அரசவை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஆங்கிலேயருக்கு அந்தச் சாக்கு போதும். நவம்பரில் படை கிளம்பியது, அந்த மாதம் முடிவதற்குள் மாண்டலே விழுந்தது, 1886 ஜனவரி 1 அன்று பர்மாவை இந்தியப் பேரரசோடு சேர்த்துக்கொண்டார்கள். கடைசி அரசர் தீபோவையும் ராணியையும் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்து வைத்தது சென்னையில்தான். சில மாதம் இங்கே இருந்துவிட்டு, 1886 ஏப்ரலில் ரத்னகிரிக்குப் போனார்கள். தீபோ 1916இல் அங்கேயே இறந்தார். அந்தக் கம்பெனி இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனியின் பெரும்பங்கு அதன் கையில்தான் இருக்கிறது. டீயில் பிஸ்கட் நனைக்கும்போது தீபோவை நினைத்துக்கொள்ள வேண்டுமென்று கட்டாயமில்லை.

உலர்ந்த மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகு வேலை யானையுடையது. சங்கிலி கட்டி இழுத்து, தண்ணீரில்லாத ஓடைப் படுகையில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். மழை பொய்த்தால் மரம் அடுத்த வருஷம்வரை அங்கேயே கிடக்கும். யாருடைய மரம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் சுத்தியலால் முத்திரை அடித்திருக்கும். ஓடையில் வெள்ளம் வந்ததும் மரங்கள் முட்டி மோதிப் பேராற்றுக்கு வரும். அங்கே நூறு, இருநூறு மரங்களைச் சேர்த்துத் தெப்பமாகக் கட்டுவார்கள். தெப்பக்காரர்கள் மேலேயே குடிசை போட்டுச் சமைத்து, தூங்கி, வாரக்கணக்கில் மிதந்து வருவார்கள். வளையம் வெட்டிய நாளிலிருந்து ரங்கூன் வந்து சேர ஒரு மரத்துக்கு ஐந்தாறு வருஷம் ஆனதும் உண்டு.

ரங்கூனில் மரம் ஏறிய கரை அலோன் பக்கத்து மரவாடிகள். நீராவி ரம்பம் ஒரு பக்கம் ஓட, யானைகள் தந்தத்தால் மரத்தை ஏந்தித் துதிக்கையால் அணைத்துப் பிடித்து வரிசை பிசகாமல் அடுக்கும். கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள் காலையில் வண்டி பிடித்து இதைப் பார்க்கப் போவார்கள், சாயங்காலம் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போவார்கள். ரங்கூனைச் சுற்றிப் பார்ப்பது என்றால் அந்தக் காலத்தில் இந்த இரண்டும்தான் தவறக் கூடாதவை.

யானைகள் போய்விட்டன. பகோடா இருக்கிறது. சிங்குத்தரா குன்றின்மேல் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்துக்குத் தங்கம் போர்த்தி நிற்கிறது. நான்கு பக்கமும் கூரை வேய்ந்த நீண்ட படிக்கட்டு. இருபுறமும் பூ, ஊதுவத்தி, மரப்பொம்மை விற்கிற கடைகள். நம் ஊர்க் கோயில் வாசலில் வளர்ந்தவருக்கு அந்தப் படிக்கட்டில் வழிகாட்டி தேவைப்படாது. மேலே போனால், பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. அவரவர் கிழமை மூலையில் இருக்கும் புத்தருக்குக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள். புதன்கிழமையை மட்டும் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து எட்டுத் திசைக்கும் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய வெண்கல மணி தொங்குகிறது. முதல் போரின்போது ஆங்கிலேயர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். படகிலிருந்து ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. அவர்களால் தூக்க முடியவில்லை. பர்மியர்கள் மூங்கிலை அடுக்கடுக்காகக் கட்டி மிதக்கவைத்து மேலே கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். ரங்கூன் வழியாக வெளியே போன பொருள்களில் திரும்பி வந்தது அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. 1852 முதல் 1929 வரை பகோடாக் குன்றே ஆங்கிலேயர் பட்டாளத்தின் கோட்டையாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்தர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய இடத்தில் அவர்கள் பூட்ஸோடு நடந்தார்கள். 1916க்குப் பிறகு அந்தச் செருப்புப் பிரச்சினையே பர்மிய தேசிய இயக்கத்துக்கு ஒரு தீப்பொறியானது.

கீழே ஆற்றோர நகரம் வேறு மாதிரி. 1852க்குப் பிறகு சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கட்டிய ஊர். பல தெருக்களுக்கு எண்தான் பெயர். ஸ்ட்ராண்ட் சாலையில் 1901இல் சார்கீஸ் சகோதரர்கள் திறந்த ஸ்ட்ராண்ட் ஹோட்டல் இருக்கிறது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலை நடத்தியவர்களும் இவர்கள்தான். சிவப்புச் செங்கல் தலைமைச் செயலகத்தில்தான் 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானையும் அவருடைய அமைச்சரவைச் சகாக்களையும் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் ஒருவர் இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த அப்துல் ரசாக். கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபரின் சமாதியும் இந்த ஊரில்தான். தேக்கைப் பார்க்க வேண்டுமென்று போகிறவர் மட்டும் இதையெல்லாம் தாண்டி பெகு கிளப்புக்குப் போக வேண்டும். 1882இல் கட்டிய அந்தக் கட்டடம் முழுக்கத் தேக்கு: தூண், தரை, படிக்கட்டு, தாழ்வாரம் எல்லாமே. 1889இல் ரங்கூனில் இறங்கிய எழுத்தாளர் கிப்ளிங்கை உட்காரவைத்தது இங்கேதான். மரம் பர்மாவுடையது, பர்மியர் அன்று உள்ளே வரக் கூடாது.

நம்மவர்கள் இருந்தது மொகல் தெருவில். இன்று அதன் பெயர் ஷ்வே போந்தா தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கே வரிசையாக இருந்தன. நீளக் கூடத்தில் ஒவ்வொரு வட்டிக்கடை மார்க்காவுக்கும் ஒரு கைப்பெட்டி, ஒரு பாய். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் பகலில் உட்கார்ந்து கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் படுத்துக்கொள்வார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்க, போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை ஊர் திரும்ப மாட்டார்கள். கொஞ்ச தூரத்தில் 26ஆம் தெருவில் 1871இல் தமிழர் கட்டிய காளி கோயில் இருக்கிறது. இன்றும் பூசை நடக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனின் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர். கூலிகளில் தமிழரும் உண்டு. வட்டிக்கடைகளில் நாட்டுக்கோட்டையார்.

அரிசிதான் அவர்களுடைய தொழிலின் அடி. ஐராவதிக் கழிமுகத்தில் சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள். நெல் விலை ஏறியபோது வட்டி வந்தது. வட்டி மொகல் தெருவிலிருந்து உண்டியலாக ஊருக்கு வந்தது. ஊரில் அது வீடாயிற்று. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, காரைக்குடி என்று வறண்ட செம்மண் பூமியில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, கூடத்துக்கு இத்தாலியச் சலவைக்கல். முகப்பில் நிற்க பர்மா தேக்கு.

நம் தூண் கப்பலேறியது இந்தக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும். அப்போதெல்லாம் ரங்கூனிலிருந்து சென்னைக்கு நீராவிக் கப்பலில் மூன்று நான்கு நாள். மேல்தட்டில் ஊர் திரும்பும் கூலிகளும் பெட்டியடிப் பையன்களும். கீழே அரிசியும் மரமும். துறைமுகத்திலிருந்து செட்டிநாட்டுக்கு வந்ததும் அங்கே கடைசல் வேலை நடந்து, முகப்புத் திண்ணையில் கருங்கல் பீடத்தின்மேல் தூணாக ஏறியிருக்கும். நடு இடுப்பு சற்றுப் பருத்து, மேலும் கீழும் ஒடுங்கிய வடிவம். தலையில் பூ இதழ் செதுக்கிய போதிகை. கல்யாணம், சடங்கு, பங்காளிச் சண்டை எல்லாம் அதன் அடியில்தான்.

அங்கே அது நின்றுகொண்டிருக்கும்போதே, அதை வாங்கிய பணம் வந்த ஊரில் எல்லாம் கலைந்தது. 1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. நிலம் கடன்காரர் பெயருக்கு மாறியது. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம். ஏட்டில் சொத்து பெருகியது. உழுதவன் கண்ணில் பகையும் பெருகியது. பர்மா பற்றி நம் பத்திரிகைகளில் வரும் ஏக்கக் கட்டுரைகள் இந்த இரண்டாவது கணக்கை அநேகமாக எழுதுவதில்லை. தூணின் கதையைச் சொல்கிறவர் அதை விட்டுவிட்டால் தூணில் பாதிதான் கிடைக்கும்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர் அசாம் வழியாகவும் அரக்கான் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். பர்மா விடுதலைக்குப் பிறகு நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் வங்கி, கடை, மரவாடி எல்லாம் அரசுடைமை. 1964இல் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. இந்தியர் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கப்பலேறினார்கள். வந்தவர்களுக்காக 1969இல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. வியாசர்பாடியில் குடியேறியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் இன்று பூந்தமல்லி, ஆவடி தள்ளுவண்டிவரை வந்துவிட்டது. அந்தக் கப்பல்களில் வந்த எவராலும் ஒரு மேசைக் காலைக்கூட எடுத்துவர முடியவில்லை. தேக்கு அதற்கு முன்பே வந்து செட்டிநாட்டில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

பத்திரம் ஒரு தலைமுறைக்குத்தான். பர்மா வரவு நின்றபின் பெரிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவே பணம் போதவில்லை. ஒரு வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. பங்காளிகள் சென்னையில், பெங்களூரில், கோலாலம்பூரில். ஓடு சரிந்து மழை உள்ளே இறங்கியதும், இடித்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவாகும். இடிக்கும் வீட்டில் முதலில் விலை பேசுவது தேக்குக்குத்தான். கதவு, நிலை, உத்திரம், தூண் எல்லாம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்துவிடும். அங்கே அண்டா, பீங்கான் சட்டி, ரவிவர்மா படங்களுக்கு நடுவே தூண்கள் ஜோடி ஜோடியாகச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஒற்றைத் தூணுக்கு விலை குறைவு. ஜோடி அமைந்தால் கடைக்காரர் பேச்சின் தொனியே மாறும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள், ஈசிஆர் பங்களாக்காரர்கள். இப்போது என் அக்கா மகன் மாதிரி அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, வங்கிக் கடனில் வீடு கட்டுகிறவர்களும்.

இவர்கள் பழசைத் தேடிப் போவதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டது. அறுத்த மரம் மட்டும்தான் வெளியே வரலாம். அதுவரை அதை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்கா தடை போட்டது. ரங்கூனைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அருகிப்போனார்கள். நம் ஊர் மரக்கடைகளில் இன்றும் பர்மா தேக்கு என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அடுக்கியிருப்பதில் நிறைய கானா, நைஜீரியா, ஈக்வடார் தோட்டங்களில் சீக்கிரம் வளர்த்துச் சீக்கிரம் வெட்டியது. பழைய காட்டுத் தேக்கு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வீட்டை இடிக்க வேண்டும்.

தூண்கள் மினி லாரியில் திருச்சி வழியாக வந்து, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் திரும்பி, நசரத்பேட்டையில் இறங்கிப் பாரிவாக்கம் சேர்ந்தன. வயலும் ஏரிக்கரையுமாக இருந்த ஊரில் இப்போது மனைக்கல் நட்ட இடமே அதிகம். மணல்மேல் சாக்கு விரித்து அவற்றைக் கிடத்தியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். உச்சியில் போதிகை இருந்த இடத்தில் நாலு மூலைக் காடி. அதில் சுண்ணாம்பு இன்னும் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே இரும்புக் கொக்கி பிடுங்கிய ஓட்டை, சுற்றிலும் எண்ணெய்க் கறுப்பு. விளக்கு தொங்கியிருக்கும். தரையிலிருந்து இரண்டடி முதல் மூன்றடிவரை ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று மினுங்கியது. திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர்கள் முதுகு சாய்த்த பக்கம் அது. அடியில் நாலு விரல் அகலத்துக்கு வீடு கழுவிய தண்ணீர் ஊறிச் சாம்பல் பூத்திருந்தது. கரையான் தொட்ட அடையாளம் எங்கும் இல்லை. தேக்கின் எண்ணெய் அதற்கு ஆகாது.

ஒரு சிக்கல். முன்வாசல் தளத்தின் உயரம் பத்தடிகூட இல்லை. கீழே கல் பீடம் வேறு வைக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றேகால் அடி வெட்டியாக வேண்டும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதில் அரைமணி நேரம் போயிற்று. கொக்கி ஓட்டை அசிங்கமாக இருக்கிறது, மேலே வெட்டுங்கள் என்றான் மருமகன்.

“மேல வெட்டினா செதுக்கு போயிடும் தம்பி. அடியில தண்ணி குடிச்ச மரம், அதத்தான் எடுக்கணும். ஓட்டைய நான் அடைச்சுத் தர்றேன், தெரியாது” என்றார் ஆசாரி.

“அடைக்க வேணாம்ங்க, அதுலயே கொக்கி மாட்டி விளக்குத் தொங்க விடலாம்” என்றாள் அக்கா.

ரம்பம் போட்டதும் சாம்பல் பூத்த தோலுக்குள் பொன்னிறம் தெரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிசுபிசுப்பு. தோல் வாசனையும் கொஞ்சம் மிளகு வாசனையும் கலந்தாற்போல் இருந்தது. மரத்தூளை அக்கா ஒரு கவரில் அள்ளிக்கொண்டாள். துணி அலமாரியில் வைத்தால் பூச்சி வராதாம். வெட்டிய இரண்டு துண்டையும் ஆசாரி காலால் ஓரமாகத் தள்ளினார்.

“அத எங்க தள்றீங்க? பூஜை ரூமுக்கு ரெண்டு மணை செஞ்சு கொடுங்க.”

“செய்யலாம்மா. அது தூணு கூலில சேராது.”

“உங்களுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க.”

“இந்த மரத்துல உளி ரெண்டு தடவ மழுங்கிடும்மா. தீட்டுற கூலியும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு.”

அக்கா எண்ணூறில் ஆரம்பித்தாள்.